சாப்ட்டேன் மேடம்

மறுபடியும் அதே இடத்தில்தான். வசனம் முடிந்து நான்காவது விநாடி, திரையில் அந்தப் பெண் கஞ்சிச் சட்டியின் அடியை அகப்பையால் வழித்துவிட்டு நிமிர்கிற இடம், நான் மூச்சை மட்டும் மெல்ல உள்ளே இழுக்க வேண்டிய இடம், அங்கே என் வயிறு பேசுகிறது. அடியில் எங்கோ மரப்பெட்டியை இழுப்பது போல ஆரம்பிக்கிறது, மேலே ஏறுகிறது, ஒரு வளைவில் திரும்புகிறது, கடைசியில் குமிழி உடைந்து முடிகிறது. என் வயிற்றுச் சத்தத்தை இதுவரை நான் உள்ளிருந்துதான் கேட்டிருக்கிறேன். ஹெட்போனில் அது வெளியிலிருந்து வருகிறது, இரண்டு காதுக்கும் சமமாக, பெரிதாக, பக்கத்தில் வேறு யாரோ நிற்பது போல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர் மதியழகன் தலையைக் குனிந்துகொள்கிறார். தோள் குலுங்குகிறது. "ஆறாவது டேக்கும் போச்சு மேடம். இடி இடிக்குது, மாடியில துணி காயப் போட்டிருக்கேன், போய் எடுத்துட்டு வந்துடட்டுமா" என்கிறார். அந்த அறையில் பேசுவது எனக்குக் கேட்க வேண்டுமானால் அவர் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்திக்கொண்டுதான் சொல்கிறார். அவர் பக்கத்தில் கோமளா மேடம். டப்பிங் இன்சார்ஜ், எந்த வாய்க்கு எந்தக் குரல் என்று முதலில் முடிவு செய்கிறவர், முப்பது வருடம் தானே குரல் கொடுத்தவர். அவர் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடுகிறார். "சுடர்க்கொடி, காலையில வந்ததும் கேட்டேனே, சாப்டியாம்மான்னு. என்ன சொன்ன?" நான் மைக்கைப் பார்க்கிறேன். "சாப்ட்டேன்னு சொன்னேன் மேடம்." "சாப்ட்டியா?" வயிற்றின் மேல் கை வைத்திருக்கிறேன், எப்போது வைத்தேன் என்று தெரியவில்லை. "இல்ல மேடம்." "அப்ப எதுக்கு அப்படிச் சொன்ன?"

எதுக்கு. யார் சாப்டியா என்று கேட்டாலும் சாப்ட்டேன் என்றுதான் வாய் சொல்லும், நான் சொல்வதில்லை, வாய் சொல்கிறது, வணக்கத்துக்கு வணக்கம் மாதிரி. கேட்கிறவர்களும் பதிலுக்காகக் கேட்பதில்லை, கேட்டுவிட்டேன் என்பதற்காகக் கேட்கிறார்கள். மன்னார்குடியில் எங்கள் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி அத்தை வீடு. படியேறும் முன் அம்மா என்னையும் தம்பியையும் நிறுத்தி, தலையைச் சரிசெய்து, அத்த கேட்டா சாப்ட்டாச்சுன்னு சொல்லணும் என்பாள். சாப்பிடாமல்தான் போயிருப்போம். ஒரு தடவை அத்தை முறுக்குத் தட்டோடு முன்னால் நிற்கிறாள், சாப்ட்டாச்சு அத்த என்று நான் சொல்லி முடிக்கவில்லை, வயிறு கூடம் முழுக்கக் கேட்கும்படி ஒன்று சொன்னது. அத்தை சிரித்தாள். "அண்ணி, ஒங்க பொண்ணுக்கு ரெண்டு வாய் போலருக்கே." அம்மாவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே பாவாடைக்கு மேலே தொடையைப் பிடித்துத் திருகினாள். அந்தத் திருகல் இரண்டு நாள் இருந்தது. வயித்த அடக்கத் தெரியாதா என்று வீட்டுக்கு வந்து கேட்டாள். எப்படி அடக்குவது என்று அவளும் சொல்லித்தரவில்லை. வாயை மூடலாம், கண்ணை மூடலாம், கால்களைச் சேர்த்து வைக்கலாம், எல்லாவற்றையும் மூட நான் பழகியிருக்கிறேன், என்னைப் பார்த்தால் ஒரு மூடிய பெட்டி என்று விடுதியில் சொல்வார்கள், இது ஒன்றுக்கு மட்டும் மூடியில்லை. இதையெல்லாம் கோமளா மேடத்திடம் சொல்ல முடியுமா. "தெரியல மேடம்" என்கிறேன். "நாங்கல்லாம் ரெக்கார்டிங்னா ஒரு மணி நேரம் முந்தியே ரெண்டு இட்லி, ஒரு வாழப்பழம். தயிர் தொடமாட்டோம், எண்ணெ தொடமாட்டோம், ஆனா வயித்தக் காலியா விடமாட்டோம். இது மைக்கும்மா, மாமியா இல்ல, மறைக்கிறதுக்கு. வெறும் வயித்தோட வரச் சொல்லி ஒனக்கு யாரு சொன்னா?" பாட்டு டீச்சர் சொன்னாள். ஏழாம் வகுப்பில், விடியற்காலையில், வெறும் வயிற்றில் சாதகம் செய்தால்தான் குரல் அடியிலிருந்து எழும் என்று. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு, இன்று பெரிய நாள் என்பதால், விடுதியில் பொங்கல் பாத்திரத்தைத் திறந்து ஆவி முகத்தில் அடிக்க நின்றும், மிளகும் நெய்யும் சீரகமும் மூக்குக்குள் போயும், தட்டை எடுக்காமல் வந்தேன். பொங்கலை நினைக்கக் கூடாது. நினைத்தாயிற்று. உள்ளே ஏதோ புரள்கிறது.

"ஒரு நிமிஷம் மூச்சு விட்டுக்கோ, மறுபடி போகலாம்" என்கிறார் மேடம். ஒரு நிமிஷம் போதாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் விலங்கியல் படித்தவள் நான், மூன்று வருடம், முதல் வகுப்பு. வயிறு காலியானால் சும்மா இருப்பதில்லை. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை தன்னைத் தானே கூட்டிப் பெருக்கிக்கொள்கிறது. மேலேயிருந்து கீழே சுருங்கிச் சுருங்கி ஓர் அலை, மிச்சம் மீதி, எச்சில், விழுங்கின காற்று எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு போகிறது. சாப்பாடு கிடந்தால் சத்தத்தை அது அமுக்கிவிடும், இல்லாவிட்டால் காலி வீட்டில் பெஞ்சை இழுத்த மாதிரிதான். பத்து நிமிடம், சில நேரம் இருபது நிமிடம், பிறகு தானாக ஓய்ந்து விடும். ஆகவே நான் சொல்ல வேண்டியதெல்லாம், மேடம், கால் மணி நேரம் கொடுங்கள், இது நின்றுவிடும் என்பதுதான். ஒரே ஒரு வாக்கியம். வாக்கியம் நாக்கின் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. சொல்ல மாட்டேன் என்பதும் தெரியும். யாரையும் எனக்காகக் கால் மணி நேரம் காத்திருக்கச் சொன்னதில்லை, பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கணும் என்று சொல்லாமல் அடுத்த நிறுத்தம் வரை போய் நடந்து வந்திருக்கிறேன். இந்த இருட்டு அறை மட்டும்தான் எனக்குப் பேச வந்த இடம். ஆறு மாதமாகக் கூட்டத்தோடு நின்று ஐயோ, பிடிங்க, தண்ணி தண்ணி என்று கத்தியிருக்கிறேன், என்னை யாரும் பார்க்காதபோது என் தொண்டை எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் தெரிந்தது. இன்று முதல் தடவையாகத் தனியாக. மும்பையிலிருந்து வந்த கதாநாயகிக்குத் தமிழ் வராது, படம் முழுவதும் அவள் வாய்க்கு ஒரு குரல் வேண்டும், நான்கு பேரைச் சோதிக்கிறார்கள், நான் மூன்றாவது. கிடைக்காவிட்டால் வெள்ளிக்கிழமை ஊருக்கு. பி.எட். விண்ணப்பத்தை அம்மா நிரப்பி, புகைப்படம் ஒட்டி, கையெழுத்து இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கிறாள். அதன் பிறகு ஆயுள் முழுக்க நாற்பது ஜோடிக் கண்களுக்கு முன்னால், வெளிச்சத்தில், சாக்பீஸோடு.

ஏழாவது டேக். திரையில் அவள் வருகிறாள். கன்னம் நன்றாகச் சதை பிடித்த பெண், கண்ணுக்குக் கீழே கரி பூசிப் பட்டினி வரவழைத்திருக்கிறார்கள். மகனுக்குக் கஞ்சியை ஊற்றுகிறாள். அவள் உதடு அசைகிற இடத்தில் நான் சொல்கிறேன், "நான் அப்பவே சாப்ட்டேன்டா. நீ குடி." நன்றாக வந்திருக்கிறது, எனக்கே தெரிகிறது, குரலில் கொஞ்சம் மணல் இருக்கிறது. இனிப் பதினோரு விநாடி மௌனம், அவள் முகம் மட்டும், என் மூச்சு மட்டும். ஒன்று, இரண்டு, வயிற்றை உள்ளே இழுத்துப் பிடிக்கிறேன், மூன்று, ஜெபசீலி புத்தகத்தை வயிற்றோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், ஏன் இப்போது ஜெபசீலி, நான்கு, வந்துவிட்டது. இந்தத் தடவை சின்னது, ஒரு கேள்வி மாதிரி. "பூன உள்ள வந்துடுச்சு" என்கிறார் மதியழகன்.

ஜெபசீலி வேண்டாம். வேண்டாம் என்றால் வராமல் இருப்பாளா. திருச்சியில் கல்லூரி விடுதியில் எனக்கு அடுத்த கட்டில், நாசரேத் பக்கத்துப் பெண், எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னின இரட்டைச் சடை. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்கள் நாற்பதும் சூரியன் மறையும் வரை பச்சைத் தண்ணீர்கூட இல்லை. அவள் அம்மாவுக்கு மார்பில் கட்டி, மதுரையில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள், அதற்காக. எனக்கு மட்டும்தான் சொல்லியிருந்தாள். யாரிடமும் பேசாத பெண்ணிடம் சொன்னால் வெளியே போகாது என்று நினைத்திருப்பாள், எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். விசாலம் மிஸ்ஸின் உடலியங்கியல் வகுப்பு, பதினொன்றரை மணி, இதே பாடம், காலி வயிறு ஏன் கத்துகிறது. மிஸ் கரும்பலகையில் குடலை வரைந்துவிட்டுத் திரும்பி, இதற்கு ஓர் உதாரணம் சொல்ல வேண்டுமென்றால், என்று நிறுத்தினாள். அந்த நிறுத்தத்தில் ஜெபசீலியின் வயிறு கேட்டது. பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்டிருக்கும். இரண்டாவது வரிசை வரை கேட்டிருக்கலாம். அதற்குமேல் போயிருக்காது. நான் சொன்னேன், "உதாரணம் வந்துடுச்சு மிஸ்." யார் சொன்னது என்று அறுபது பேர் திரும்பினார்கள். நான் என்று தெரிந்ததும் அந்தச் சிரிப்பு இரண்டு மடங்கானது. விசாலம் மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இரண்டு வருடத்தில் என்னை அவள் பார்த்ததே அன்றுதான். எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை யாரிடமும் சொல்ல முடியாது. உள்ளங்கையெல்லாம் சூடானது. அறுபது முகங்களும் என் பக்கம், ஒன்றுகூடப் பயமாக இல்லை. ஜெபசீலி மட்டும் திரும்பவில்லை. மேசையில் ஒரு பழைய இங்க் கறையை நகத்தால் சுரண்டினாள். பிறகு படிப்பு முடியும் வரை அவள் பெயர் உதாரணம்தான். ஏய் உதாரணம், வாளியக் கொஞ்சம் குடு. உதாரணம், ஒனக்கு போன். அவளும் அந்தப் பேருக்குத் திரும்பக் கற்றுக்கொண்டாள். அன்று மத்தியானமே மெஸ்ஸில் போய் சோறு சாப்பிட்டாள். நாற்பதில் அது பதினேழாவது நாள். நான் எதிரே உட்கார்ந்து பார்த்தேன். மோர் ஊற்றி, பிசைந்து, முழுத் தட்டு. சாப்பிடும்போது என்னைப் பார்த்து, "செரிக்கிற வரைக்கும் இருந்து கேளு, இனிச் சத்தம் வராது" என்றாள். அவள் அம்மா என்ன ஆனாள் என்று நான் கேட்கவே இல்லை. கேட்காமல் இருப்பது எனக்கு எப்போதும் வரும். கூச்சம் என்று சொல்லிவிட்டால் யாரும் அதற்கு மேல் விசாரிப்பதில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏதோ பேசிக்கொள்கிறார்கள், பொத்தானை அழுத்தவில்லை, வாய்கள் மட்டும் அசைகின்றன. ஒலி இல்லாத வாய்களைப் பார்த்து என்ன சொல்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதுதான் என் தொழில். கோமளா மேடத்தின் வாய் சொல்கிறது, குரல் நல்லாத்தான் இருக்கு. அப்படித்தான் சொல்கிறதா, நல்லா இருந்திருக்கும் என்கிறதா. அவர் கைப்பையைத் திறந்து ஒரு வாழைப்பழம் எடுக்கிறார். நாலே நாலு கரும்புள்ளி உள்ள மஞ்சள் பழம். அதைத் தூக்கிக் காட்டி, என்னை வரச்சொல்லிக் கையசைக்கிறார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சீ, ஒரு பழத்துக்கு. ஹெட்போனைக் கழற்றப் போகிறேன், அவர்கள் அறையின் கதவு திறந்து டைரக்டர் நிரஞ்சன் வருகிறார். உயரம், முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டை, கையில் போன். எல்லோரும் கொஞ்சம் நிமிர்கிறார்கள். "எப்படி" என்கிறார். மதியழகன் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார், பிறகு பொத்தானைத் தட்டுகிறார், ஆறாவது டேக் ஓடுகிறது, ஸ்பீக்கரிலும் என் காதிலும். நான் அப்பவே சாப்ட்டேன்டா, நீ குடி. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மரப்பெட்டி, வளைவு, குமிழி. திரையில் அந்தப் பெண் நிமிர்கிறாள். டைரக்டர் சிரிக்கவில்லை. போனைச் சட்டைப் பையில் போடுகிறார். "இன்னொரு தடவ போடு." போடுகிறார்கள். "இன்னொரு தடவ." சுவரோடு ஒட்டி நிற்கிறேன். திட்டப்போகிறார் என்றால் சீக்கிரம் திட்டிவிடலாம். "இது யாரோட வயிறு?" "அந்தப் பொண்ணோடது சார். சாப்பிடாம வந்திருக்கு. இப்ப ஒரு பழம் குடுத்து" என்று கோமளா மேடம் எழுந்திருக்கிறார். "குடுக்காதீங்க" என்கிறார் அவர். மெதுவாகத்தான் சொன்னார். பொத்தான் அழுந்தியே இருந்ததால் எனக்கு மிகவும் அருகில் கேட்டது.

"வாய் சாப்ட்டேங்குது, வயிறு இல்லேங்குது. பாருங்க மேடம், நாம நாலு மாசமா இதத் தேடலயா. சவுண்ட் லைப்ரரியிலேருந்து எடுத்துப் போட்டா கார்ட்டூன் மாதிரி இருக்கு. இது நெசம்." நெசம் என்கிறார். என் டேக்கைத்தான் நெசம் என்கிறார். "ஆனா வயித்துச் சத்தத்து மேல லேசா மூச்சு விழுது. வயிறு மட்டும் தனியா, சுத்தமா வேணும்." சத்தத்தின் மேல் மூச்சு விழுகிறதா, மூச்சுதானே கேட்டார்கள். மதியழகன் நான் நிற்கிற பூத்துக்குள் வருகிறார். காலையிலிருந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கமே இருந்தவர், பக்கத்தில் பார்த்தால் என்னைவிடக் குள்ளம், இஞ்சி மரப்பா வாசனை. ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தி மைக்கைக் கீழே இறக்குகிறார், முகத்திலிருந்து மார்புக்கு, மார்பிலிருந்து இடுப்புக்கு மேலே நான்கு விரல் உயரத்துக்கு, அங்கே நிறுத்தி இறுக்குகிறார். "துப்பட்டா உரசும்மா, கழட்டி அந்த நாற்காலியில வெச்சிடுங்க. வளையலும்." இப்போது ‘ங்க’ போட்டுப் பேசுகிறார். இதுவரை இந்த மரியாதை எனக்கு வந்ததில்லை, இது என் வயிற்றுக்கு. துப்பட்டா இல்லாமல் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பின்னால் கட்டிக்கொள்கிறேன். பள்ளியில் தண்டனைக்கு நிற்கிறவள் மாதிரி. "சார், டெஸ்ட்" என்று கேட்கப் பார்க்கிறேன், குரல் டெஸ்ட் முடிந்ததா, இன்னும் இருக்கிறதா. அவர் அதற்குள் கதவை மூடிவிட்டார். கனத்த கதவு, மூடும்போது காது அடைக்கும். "ஒண்ணும் செய்ய வேணாம்மா. சும்மா நில்லு. அது பேசட்டும்" என்கிறார் டைரக்டர். கம்ப்யூட்டர் திரையில் மதியழகன் தட்டுகிற எழுத்து கண்ணாடியில் இடவலம் மாறித் தெரிகிறது. என் பெயர், அதற்குப் பக்கத்தில் வயிறு, ஒன்று.

அது பேசவில்லை. வேண்டாம் வேண்டாம் என்றபோது ஏழு தடவை பேசியது, இப்போது மூன்று பேர் மூச்சைப் பிடித்துக் காத்திருக்க, ஒரு முனகல் இல்லை. அலை போய்விட்டது. பாடம் அப்படித்தான், பெருக்கி முடித்துவிட்டால் அடுத்த முறைக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். நேரம் பதினொன்று இருபது. இதையும் நான் சொல்லவில்லை. சொன்னால் போய்விட்டு மத்தியானம் வா என்பார்கள், மத்தியானத்துக்குள் இவர்கள் மறந்துவிடுவார்கள். நிற்கிறேன். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். வயிற்றோடு பேசிப் பார்க்கிறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை. இதே வயிற்றை எவ்வளவு திட்டியிருக்கிறேன், அத்தை வீட்டில், நூலகத்தில், இரங்கல் கூட்டத்தில் இரண்டு நிமிடம் எழுந்து நின்றபோது. இப்போது கெஞ்சுகிறேன். பொங்கலை நினைக்கிறேன், வேண்டுமென்றே, மிளகை ஒவ்வொன்றாக. ஒன்றும் இல்லை. கால் வலிக்கிறது, உடல் எடையை மாற்றினால் தரைவிரிப்பு உரசிச் சத்தம் போடும், அதனால் மாற்றாமல் நிற்கிறேன். கோமளா மேடம் வாழைப்பழத்தை மேசையில் வைத்துவிட்டார், அதை யாரும் பார்க்கவில்லை. "பயந்துபோச்சு சார், ஸ்டேஜ் ஃபியர்" என்கிறார் மதியழகன். "இதுக்குமா?" என்று டைரக்டர் முதல் தடவையாகச் சிரிக்கிறார். பிறகு அவருக்கு ஒன்று தோன்றுகிறது, தோன்றுவதை முகத்தில் பார்க்கிறேன், புருவம் முதலில் போகிறது. "சாப்பாடு வந்தாச்சா?" "வந்தாச்சு சார்." "இங்கயே பிரிங்க. கண்ணாடிப் பக்கம். அந்தப் பொண்ணு பாக்கணும்." கோமளா மேடம் அவரைப் பார்க்கிறார். "சார், பாவம்." "அஞ்சு நிமிஷம்தான் மேடம். அப்புறம் நாமளே ஊட்டி விடுவோம்."

பிரிக்கிறார்கள். கன்ட்ரோல் மேசையின் ஓரத்தில் நாளிதழ் விரித்து, அதன் மேல் இலை, இலையின் மேல் பிரியாணி. பொட்டலம் கட்டின நூலை மதியழகன் பல்லால் அறுக்கிறார். நேரே கண்ணாடிக்கு முன்னால் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, ஒரு துண்டு கறியை இரண்டு விரலால் தூக்கி, எனக்குக் காட்டிவிட்டு, நிதானமாக எலும்பிலிருந்து உரிக்கிறார். உதட்டோரம் எண்ணெய். கண்ணாடி என்பதால் வாசனை வராது என்று நினைத்தேன். டைரக்டர் எழுந்து வந்து இடையில் இருக்கும் கதவை ஒரு கைப்பிடி அளவு திறந்து வைக்கிறார். வருகிறது. பட்டை, கிராம்பு, புதினா, கொழுப்பு உருகின வாசனை. நாக்கின் இரண்டு பக்கத்திலும் ஊற்று திறக்கிறது. பார்த்தாலே, முகர்ந்தாலே மூளை வயிற்றுக்குச் சொல்லி அனுப்பிவிடும், சோறு வருகிறது தயாராகு என்று, அதையும் விசாலம் மிஸ்தான் நடத்தினாள். நடத்தினபோது நாய் படம் போட்டிருந்தது புத்தகத்தில். நாயின் கன்னத்தில் ஒரு குழாய், எச்சிலைச் சொட்டுச் சொட்டாகப் பிடிக்க. "நல்லா இருக்கா மதி?" "சார், பீஸு அப்படியே பஞ்சு." வேண்டுமென்றே மைக்குக்குக் கேட்கச் சொல்கிறார்கள். கோமளா மேடம் திரும்பி உட்கார்ந்துகொண்டார், முதுகு தெரிகிறது, அந்த முதுகும் மெல்லுகிறது, தாடை அசைவது காதுக்குக் கீழே தெரிகிறது. எனக்கு இவர்கள் மேல் கோபம் வர வேண்டும். தேடுகிறேன், வரவில்லை. மதியழகன் மீசையில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்கிறது, அவர் பேசும்போது அது ஆடுகிறது, விழப்போகிறது, விழவில்லை. அந்தப் பருக்கை மேல் எனக்கு இருக்கிற ஆசையை நினைத்தால் வாந்தி வருகிறது. அதுதான். அந்தப் பருக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் தொப்புளுக்குக் கீழே ஏதோ முறுக்கிக்கொண்டு எழுகிறது. நான் அசையவில்லை. மூச்சை நிறுத்துகிறேன். வா, வா, மெல்ல, அவசரமில்லை, நன்றாக வா.

வந்தது. இதுவரை வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. நீளமாக, இரண்டு இடத்தில் நின்று நின்று, கிணற்றுக்குள் இறங்குகிற வாளி போல ஆரம்பித்து, கடைசியில் ஒரு குழந்தை தூக்கத்தில் சிணுங்குவது போல உயர்ந்து, பதினோரு விநாடி இருக்கும், முழு மௌனத்தையும் நிரப்பிவிட்டு ஓய்ந்தது. ஹெட்போனில் அதைக் கேட்டுக்கொண்டே நின்றேன். அழகாக இருந்தது. என்னிடமிருந்து இவ்வளவு தயக்கமில்லாமல் ஒன்று வெளியே போய் நான் கேட்டதே இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் கறிக் கையைத் தூக்கியபடி உறைந்து நிற்கிறார். மதியழகன் இடது கைக் கட்டைவிரலை உயர்த்துகிறார். பிறகு எல்லோரும் தட்டுகிறார்கள், எச்சில் கைகளின் புறங்கையால். கோமளா மேடம்கூடத் திரும்பிவிட்டார். எல்லா முகமும் என் பக்கம், எனக்குப் பயமாக இல்லை. உள்ளங்கை சூடாகிறது. இந்தச் சூடு எனக்குத் தெரியும், இதற்காக ஒருத்தியைக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். தைரியம் வந்தபோதே கேட்டுவிட வேண்டும். "சார், குரல்?" அவருக்குப் புரியவில்லை. "எந்தக் குரல்?" "டெஸ்ட் குடுத்தேன்ல சார். ஹீரோயினுக்கு." அவர் கோமளா மேடத்தைப் பார்க்கிறார். மேடம் இலையை மடிக்கிறார், தன் பக்கமாக, மிகச் சரியாக, மடித்துக்கொண்டே சொல்கிறார். "அது நாலாவது பொண்ணுக்கு முடிவாயிடுச்சும்மா. அவ நேத்தே வந்து குடுத்துட்டா. உன்ன வரச் சொல்லிட்டமேன்னுதான் காலையில எடுத்தோம். உன் குரல் சின்னது. கெட்டதில்ல, சின்னது."

சின்னது. இடுப்பு உயரத்தில் மைக் இருக்கிறது. நேற்றே முடிந்த ஒன்றுக்காக இன்று பொங்கலை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை, பென்சில் பெருக்கல் குறி, நாற்பது ஜோடிக் கண்கள், சாக்பீஸ் தூள். துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டு போக வேண்டும், கை நாற்காலிப் பக்கம் நீள்கிறது. "ஆனா இரும்மா" என்கிறார் டைரக்டர். "பஞ்சம் போர்ஷன்ல இன்னும் ஆறு சீன் இருக்கு. ஊர்ச்சனம், பையன், கெழவன். ஒவ்வொண்ணுக்கும் ஒரு வயிறு வேணும். ஒன்னோடது மாதிரி எங்கயும் கெடைக்காது. நாளைலேருந்து ஒரு வாரம் வந்துடு. வெறும் வயித்தோட." மதியழகன் சொல்கிறார், "முந்தின நாள் ராத்திரியும் சாப்பிடலேன்னா இன்னும் டெப்த் கெடைக்கும் சார்." அவர்கள் சிரிக்கிறார்கள், கெட்ட சிரிப்புக்கூட இல்லை, வேலை நடந்துவிட்ட சிரிப்பு. கோமளா மேடம் சிரிக்காமல் என்னையே பார்க்கிறார், முடியாது என்று சொல்லிவிட்டுப் போ என்கிறதா அந்தப் பார்வை, சொல்ல மாட்டாய் என்கிறதா. முடியாது என்ற சொல்லை வாய்க்குள் வைத்துப் பார்க்கிறேன். வசனத்தைப் போல அது என் உதட்டுக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஒரு வாரம். இதே அறை, இதே இருட்டு, யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அவர்கள் கை கழுவ எழுந்திருக்கிறார்கள். நான் பேசுகிறேன், யாரும் திரும்பவில்லை, திறந்திருந்த கதவை யாரோ சாத்தியிருக்கிறார்கள், என் சத்தம் அந்தப் பக்கம் போக வேண்டுமானால் மைக்கில்தான் பேச வேண்டும். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியபடியே, இடுப்பை மடித்து, மைக் இருக்கும் இடம் வரை குனிகிறேன். அதன் துணி மூக்கில் உரசுகிறது. "நாளைக்கு எத்தன மணிக்கு சார் வரணும்" என்று கேட்கிறேன்.